வண்டல் சீர்

அந்தக் காலத்தில் தண்ணீருக்கு வாய் இருந்தது. நண்டுக்கும் மீனுக்கும்கூட இருந்தது. ஆனால் பேச்சில் தண்ணீரை மிஞ்ச ஆளில்லை. செம்மூக்கு மலையில் பிறந்த வளையோடை, அடிவாரத்துக் கண்மாய்க்கு வந்து சேர்வதற்குள் வழியில் இருக்கிற எல்லாரையும் நலம் விசாரித்துவிடும். பாறையைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகும். நாணல் புதரைக் கண்டால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். நண்டு வளைக்குள் எட்டிப் பார்த்து, "என்ன, சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும். நேராகப் போனால் சீக்கிரம் போய்விடக்கூடிய தூரத்தை அது வளைந்து வளைந்து பொழுது முழுக்க நடந்தது.

வெறுங்கையோடும் நடக்கவில்லை. மலையில் உதிர்ந்த சருகு, ஆட்டுப் புழுக்கை, மழையில் கரைந்த மண் என்று எப்போதும் கொஞ்சம் தீனி வைத்திருக்கும். நாணலுக்குக் கொஞ்சம், நண்டுக்குக் கொஞ்சம், கரையோர மரங்களுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கண்மாயில் கொண்டுபோய்ச் சேர்க்கும். கண்மாய்ச் சேற்றில் அயிரை மீன்கள் குடியிருந்தன. விரல் நீளம்தான் இருக்கும். உட்கார்ந்த இடத்துக்கே சாப்பாடு வந்ததால் அவை அந்தச் சேற்றை விட்டு எங்கேயும் போனதில்லை.

ஓடை பிறக்கிற இடத்துக்குப் பக்கத்தில், மலைச்சரிவில், மொக்கையன் என்றொருவன் சாமை விதைத்து, ஆடு மேய்த்துப் பிழைத்தான். அவனுடைய ஒரே தங்கை சீனியம்மாளைக் கண்மாய்க்கரை ஊரில் நெல் விளைவிக்கும் சுருளிக்குக் கட்டிக் கொடுத்திருந்தான். அண்ணனும் தங்கையும் நினைத்தபோது பார்த்துக்கொள்ள முடியாது, மலையேற்றம் அப்படி. ஆனால் காலையில் கண்மாய்க்குத் தண்ணீர் எடுக்க வரும் சீனியம்மா, குடத்தை இடுப்பில் வைப்பதற்கு முன்னால் தலையைத் தூக்கி மலையைப் பார்ப்பாள். சரிவில் ஒரு கீற்றுப் புகை தெரியும். "அண்ணன் வீட்ல அடுப்பு எரியுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திருப்தியாகத் திரும்பி நடப்பாள். தினமும் கேட்டுக் கேட்டு அந்தச் சொல் அயிரைகளுக்கும் பழகிப்போனது.

ஒரு தை மாதம் சீனியம்மாளின் மகனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் சீர் கொண்டுவர வேண்டும். மொக்கையனும் கொண்டுவந்தான். ஒரு கூடை சாமை, ஒரு கலயம் மலைத்தேன், ஒரு வெள்ளாட்டுக் குட்டி. அவன் வீட்டில் இருந்த நல்லது அவ்வளவுதான்.

சுருளியின் பெரியம்மா வந்து கூடையை எட்டிப் பார்த்தாள். வாயை அடக்கத் தெரியாத மனுஷி. "மலையவே ஆளுற மாமன்னு சொன்னாக. மலையளவு வரும்னு பந்தல வேற அகலமாப் போட்டுட்டோம்" என்றாள்.

பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "எங்கண்ணன் குடுத்தது எனக்குப் போதும்" என்று சீனியம்மா சொன்னாள். அந்தச் சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை.

மொக்கையனுக்கு முகம் சுண்டிப்போனது. மடியில் மருமகனை வைத்துக்கொண்டே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "என் சீரு இன்னும் வரல. மழை வரட்டும். கூடையில அடங்காத சீரு ஓடை வழியா வரும். எங்க மலையோட கொழுப்பையே உங்க வயலுக்கு இறக்குறேன், பாத்துக்கங்க."

கோபத்தில் சொன்னதை மறுநாள் மறந்துவிடுகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மொக்கையன் மறக்கிற ஆள் இல்லை. கோடை முழுக்க மண்வெட்டியும் கையுமாகத் திரிந்தான். ஓடையின் வளைவுகளை ஒவ்வொன்றாக வெட்டி நேராக்கினான். தண்ணீரை நிறுத்திவைக்கிறது என்று நாணலை வேரோடு பிடுங்கினான். சரிவில் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்த புல்லையும் புதரையும் செதுக்கியெடுத்து, மண்ணைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கிவைத்தான்.

ஓடைக்கரையில் ஒரு கிழ நண்டு இருந்தது. அதற்கு எதிலும் ஒரு குறை சொல்லாவிட்டால் சாப்பாடு செரிக்காது. தன் வளைக்கு மேல் மண்வெட்டி விழுந்ததும் வெளியே வந்து கொடுக்கை ஆட்டியது.

"ஏப்பா, நீ என்ன தண்ணிக்கு வழியா வெட்டுற? அதுக்கு ஓடக் கத்துக்குடுக்குற. ஓடிப் பழகுனது அப்புறம் நம்ம சொன்னா நிக்குமா?"

"கோணலா நடக்குறவனுக்குக் கோணல்தான் புடிக்கும். தள்ளு அங்கிட்டு" என்றான் மொக்கையன்.

நண்டு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஒரு பாறை இடுக்கில் போய்க் குடியேறியது. போகிற வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனது.

மழை வந்தது. வளையோடை தன் ஊற்றிலிருந்து இறங்கி வந்து, தன் புது வழியைப் பார்த்துத் திகைத்து, மொக்கையன் வாசலில் நின்றது.

"மொக்கையா, வழி நேரா இருக்கு. நேரா இருந்தா என்னால நிக்க முடியாது. கையில எது அகப்படுதோ அள்ளிக்கிட்டுத்தான் போவேன். போகட்டா?"

"போ. அம்புட்டையும் கொண்டுபோயி என் தங்கச்சி வயல்ல போடு."

"பின்னால திரும்பக் கொண்டான்னு கேக்க மாட்டியே?"

"குடுத்த சீர எவனாவது திருப்பிக் கேப்பானா? போ."

ஓடை போயிற்று. அன்றைக்கு அது யாரையும் நலம் விசாரிக்கவில்லை. அதற்கு நேரமில்லை.

கண்மாய்க்கரை ஊருக்கு அப்படி ஒரு வண்டல் அதுவரை வந்ததே இல்லை. வயல்களில் கறுகறுவென்று மண் படிந்தது. அந்த வருஷம் நெற்கதிர் தலைதூக்க முடியாமல் தொங்கியது. "மாமன் சீருன்னா இதுல்ல மாமன் சீரு!" என்று அதே பெரியம்மா ஊரெல்லாம் சொன்னாள். மேலே மொக்கையனுக்குச் சாமை பாதிதான் விளைந்தது. ஆனால் பெரியம்மா சொன்ன சொல் மலைக்கு வந்து சேர்ந்தபோது அவனுக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அடுத்த வருஷமும் மழை வந்தது. ஓடை இந்த முறை வாசலில் நின்று கேட்கவில்லை. ஓடி வந்தது, அள்ளியது, போனது.

கீழே பயிர் இலையாகவே கொழுத்தது. இடுப்பளவு வளர்ந்து, காற்றுக்குத் தாங்காமல் சாய்ந்து படுத்தது. அடித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பதர். கண்மாயின் கதையோ இன்னும் மோசம். தேவைக்கு மேல் தீனி வந்து குவிந்ததில் தண்ணீர் முழுக்கப் பச்சைப் பாசி படர்ந்தது. பாசி செத்து அழுகியது, மறுபடி படர்ந்தது. வெயில் ஏறுவதற்கு முன் பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவிக்கும். மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்காமல் திரும்பின.

சீனியம்மாளுக்குக் காரணம் தெரியும். ஆனால் பிறந்த வீட்டுச் சீரைக் குறை சொன்னால் அண்ணனையே குறை சொன்னது போல. யாராவது கேட்டால், "இந்த வருசம் வெத சரியில்ல" என்று சொல்லிவைத்தாள்.

மேலே சரிவில் பாறை பல்லைக் காட்டியது. விதைத்த சாமை சாண் உயரத்தில் மஞ்சளாகி நின்றுவிட்டது. ஆடுகள் எலும்பும் தோலுமாயின. மழை விட்டதுமே ஊற்றும் வற்றியது. தண்ணீரைப் பிடித்துவைக்க மண் வேண்டுமே, அந்த மண்தான் கீழே போய்விட்டதே. மொக்கையனின் மனைவி குருவம்மா அப்போது மாசமாக இருந்தாள். "ஒங்க தங்கச்சிக்கு ஒரு சொல்லுச் சொல்லிவிட்டா என்ன?" என்றாள்.

"சீரு குடுத்த கையி, ஏந்துமா?" என்றான் மொக்கையன். காட்டில் கிழங்கைத் தோண்டி அவிக்கத் தண்ணீர் இல்லாததால் வெயிலில் உலர்த்திப் பச்சையாகவே கடித்துக்கொண்டு நாளைத் தள்ளினார்கள்.

இப்படி அண்ணன் தங்கைக்குத் தெரியாமலும், தங்கை அண்ணனுக்குத் தெரியாமலும் மானத்தோடு கெட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு இந்த இடத்தில் இரண்டு பேர் மேலும் ஆத்திரம்தான் வரும். ஆனால் நாமும் அவர்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் செய்திருப்போம்.

ஒரு காலை சீனியம்மா பாசியைக் கையால் ஒதுக்கிக் குடத்தை முக்கினாள். தலையைத் தூக்கி மலையைப் பார்த்தாள். புகை இல்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

"ஒரு நட போயிப் பாத்துட்டு வாயேன்" என்றான் சுருளி.

"இம்புட்டுச் சீரு வாங்கிட்டு, கூப்புடாமப் போயி வாசல்ல நின்னா, இன்னும் கேக்க வந்திருக்கான்னுதான மதினி நெனைப்பாக? எங்கண்ணனுக்கு மறுபடி மொகம் சுண்டும்" என்றாள். பிறகு கண்மாயைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். "அண்ணன் வீட்ல அடுப்பு எரியுதான்னு பாத்துட்டு வர எனக்கு ஒரு நாதி இல்லையே."

சேற்றில் இருந்த அயிரைகள் இதைக் கேட்டன. அவற்றில் வயதான தாய் அயிரை ஒன்று மற்றவற்றைப் பார்த்துச் சொன்னது: "இங்கன மூச்சு முட்டிச் சாகத்தான் போறோம். மேல போயிப் பாத்துட்டு வந்தா, அந்தப் புள்ளைக்கு ஒரு சேதியாவது கிடைக்கும். இந்தத் தீனி ஏன் இப்படி வந்து அடைக்குதுன்னு நமக்கும் தெரியும்."

மீன் ஏறுமா என்று கண்மாயில் இருந்த வேறு மீன்கள் கேலி செய்தன. அதுவரை எந்த மீனும் ஏறியதில்லை.

விட்டிருந்த மழை மறுபடி பெய்து புதுவெள்ளம் கண்மாய்க்குள் பாய்ந்ததும் அயிரைகள் அதற்கு எதிரே தலையைக் கொடுத்தன. நேரான ஓடையில் ஏறுவது லேசில்லை. நின்று மூச்சு வாங்க ஒரு வளைவு கிடையாது, ஒதுங்கிக்கொள்ள ஒரு நாணல் வேர் கிடையாது. பாதிக்கு மேல் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. பாறை இடுக்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கிழ நண்டுக்கு மனசு கேட்கவில்லை. "உள்ள வாங்க. எடம் பத்தாது, நசுக்கிப் புடிச்சு உக்காருங்க. எங்க பழைய வீட்டுக்கு நீங்க வந்திருக்கணும், எப்படி இருக்கும்னு தெரியுமா?" என்று புலம்பிக்கொண்டே இடம் கொடுத்தது. அங்கே இளைப்பாறி, மறுபடி ஏறி, மிஞ்சியவை மொக்கையன் வீட்டு வாசலில் ஓடிய தண்ணீருக்கு வந்து சேர்ந்தன.

கதவு திறந்திருந்தது. தாய் அயிரை உள்ளே எட்டிப் பார்த்தது. ஓரமாகக் குருவம்மா மேடிட்ட வயிற்றோடு சாய்ந்திருந்தாள். அடுப்பில் பூனை படுத்திருந்தது. ஒரு மீனுக்கு அதைவிடக் கெட்ட சேதி இருக்க முடியாது. ஆனாலும் அது நகரவில்லை.

"அண்ணே!" என்று கூப்பிட்டது. "நான் ஒங்க தங்கச்சி ஊர்க்காரி. எனக்கும் நீங்க அண்ணன்தான். ஒங்க வீட்ல அடுப்பு எரியலயே?"

மொக்கையன் பதறிப்போய் வெளியே வந்தான். "அவகிட்ட சொல்லிராத தாயி. அவளாவது நல்லா இருக்கட்டும்."

"அங்கயும் நல்லா இல்லண்ணே" என்றது அயிரை. சாய்ந்த பயிரை, பதரை, பாசியை, மாடு குடிக்காத தண்ணீரை, எல்லாவற்றையும் சொன்னது. "நீங்க அனுப்புற தீனிதான் எங்க மூச்ச அடைக்குது."

மொக்கையன் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப நான் குடுத்தது யாருக்குமே ஆகலயா?" என்றான். பிறகு எழுந்து ஓடையைப் பார்த்துக் கத்தினான். "நில்லு! கொண்டுபோனதத் திரும்பக் கொண்டா!"

ஓடைக்கு நிற்க முடியவில்லை. போகிற போக்கில் சொன்னது: "எனக்கு ஏறத் தெரியாது மொக்கையா. எறங்கத்தான் தெரியும். அதான் அன்னைக்கே கேட்டேன்."

மழை விட்டதும் தண்ணீர் சட்டென்று வடிந்தது. தாய் அயிரை கடைசித் தண்ணீரோடு கீழே இறங்கிவிட்டது. மற்றவை அவனுடைய சாமைக்காட்டுக்குள் ஒரு பள்ளத்தில் சிக்கிச் செத்தன. தங்கை ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளாயிற்றே என்று மொக்கையன் அவற்றை அங்கேயே மண்ணைத் தள்ளி மூடினான். காடு முழுக்க மஞ்சளடித்துக் கிடந்த அந்த வருஷம், அந்தப் பள்ளத்தில் மட்டும் சாமை முழங்கால் உயரம் கரும்பச்சையாக நின்றது.

கீழே தாய் அயிரை கண்மாய்ப் படித்துறையில் காத்திருந்து சொன்னது: "அடுப்புல பூனை படுத்திருக்கு தாயி. ஒங்க மதினி மாசமா இருக்கா."

சீனியம்மா அன்றைக்கே ஒரு மூட்டை நெல்லைச் சுருளி தலையில் ஏற்றி அனுப்பினாள். மாசமாக இருக்கிற மதினிக்கு என்று சொல்லிவிட்டதால் மொக்கையன் வாயைத் திறக்க முடியவில்லை. ஆனால் மூட்டை தீர்ந்தால் பூனை மறுபடி அடுப்புக்கு வந்துவிடும். சீனியம்மா அதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

கோடையில் கண்மாய் வற்றியது. வெடித்துக் கிடந்த தரையில் ஒரு கட்டியை எடுத்து உதிர்த்துப் பார்த்தாள். உள்ளே சாமை உமி, ஆட்டுப் புழுக்கை, மலைமரத்துச் சருகு. அவள் விளையாடி வளர்ந்த காடு அவள் கையில் இருந்தது. அதே வாரம் மலையிலிருந்து சேதி வந்தது: குருவம்மாளுக்கு ஆண் பிள்ளை.

சீனியம்மா எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள். வண்டலைக் கூடை கூடையாக வெட்டி, மேலே வெற்றிலை பாக்கு வைத்து, துணி போட்டு மூடினாள். ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டாள். "சேத்தைச் சீராச் சொமக்குறாளே" என்று சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. "அன்னைக்கு நான் சும்மா இருந்திருந்தா இன்னைக்கு இந்தச் சொமையே இல்ல. ஏத்திவிடுங்கடி எனக்கும் ஒண்ணு" என்று தலையில் சும்மாடு வைத்துக்கொண்டாள். குலவை போட்டுக்கொண்டு மலையேறினார்கள்.

மொக்கையன் காட்டு எல்லையில் குறுக்கே நின்றான். துணியை விலக்கிப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"இது நான் குடுத்தது ஆத்தா. குடுத்த சீரத் திருப்பி வாங்குன பேரு எனக்கு வேணாம். காடு தரிசாக் கெடந்தாலும் கெடக்கட்டும். எறக்காத, கொண்டு போயிரு."

"ஒனக்கு யாருண்ணே கொண்டுவந்தா?" என்றாள் சீனியம்மா. தலைச்சுமையோடு நின்றதில் அவள் கழுத்து நடுங்கியது. "மாமன் சீரு நீ கொண்டுவந்தப்ப நான் வேணாம்னு சொன்னேனா? எம்புள்ளைக்கு வந்ததுன்னு வாங்கிக்கிட்டேன். இது அத்த சீரு. எம்மருமகனுக்குக் கொண்டுவந்திருக்கேன். வேணும்னா அவன் வாயால வேணாம்னு சொல்லச் சொல்லு, போயிர்றேன்."

உள்ளேயிருந்து குருவம்மா பிள்ளையோடு வந்தாள். பிள்ளை பசித்து அழுதுகொண்டிருந்தது. "எம்புள்ளைக்கு வந்த சீர வேணாங்க நீங்க யாரு?" என்று புருஷனைப் பார்த்துக் கேட்டாள்.

மொக்கையன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரு கையாலும் விரித்து ஏந்தினான். ஏந்தவே மாட்டேன் என்ற கை அது. சீனியம்மா முதல் கூடையை அதில் கவிழ்த்தாள். அண்ணனுக்கும் அழுகை வந்தது, தங்கைக்கும் வந்தது. பெரியம்மாதான், "அழுது முடிச்சிட்டு வாங்க, எங்களுக்குக் கழுத்து ஒடியுது" என்றாள். பச்சைச் சாமை நின்ற அந்தப் பள்ளத்திலிருந்து தொடங்கிக் காடு முழுக்க வண்டலைக் கொட்டினார்கள்.

அந்தக் கோடை முடிவதற்குள் கண்மாய்க்கரை ஊராரும் மொக்கையனும் சேர்ந்து ஓடையை மறுபடி வளைத்தார்கள். நாணல் நட்டார்கள். நண்டு பழைய இடத்துக்கே வந்து வளை தோண்டி, வாசல் பார்த்த திசை சரியில்லை என்று குறை சொன்னது. மழை வந்தபோது ஓடை முதல் வளைவில் கொஞ்சம் நின்றது. "இப்பத்தான் மூச்சு வாங்க முடியுது" என்றது. ஆனால் தன் கையால் மண் போனதை நினைத்தோ என்னவோ, அதற்குப் பிறகு அது நம் பாஷையில் பேசவே இல்லை.

அந்த வருஷத்திலிருந்துதான் கோடையில் கண்மாய் வற்றியதும் வண்டலை அள்ளி மேட்டுக்காட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். முதல் கூடையை மேலே பிறந்து கீழே வாழ்க்கைப்பட்டவள்தான் சுமக்க வேண்டும். காட்டுக்காரன் துண்டை விரித்துத்தான் வாங்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. புதுவெள்ளம் வரும்போது எல்லாம் தண்ணீரோடு கீழே போக, விரல் நீள அயிரை மட்டும் எதிரே ஏறுவதும் அன்று முதல்தான். வளைவுக்கு வளைவு நின்று, நாணல் வேரில் ஒதுங்கி, அது மேலே போவது தீனிக்காக இல்லை. அண்ணன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வரத்தான் போகிறது.